ஊழியர் தலையை எண்ணும் சட்டங்களும் பிரமிளா ஜெயபாலின் இரண்டு மசோதாக்களும்

2019 பிப்ரவரி 27 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் சியாட்டில் தொகுதி உறுப்பினர் பிரமிளா ஜெயபால் ஒரு மசோதாவை முன்மொழிந்தார். மெடிகேர் என்பது அங்கே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அனைவருக்கும் மெடிகேர் என்ற அந்த மசோதா, நாட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூலை 15 அன்று, அப்போது செனட் உறுப்பினராக இருந்த கமலா ஹாரிஸுடன் சேர்ந்து வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்ட மசோதாவையும் கொண்டுவந்தார். முதலாவதை உலகமே அலசியது. இரண்டாவதை அமெரிக்காவிலேயே பலர் கவனிக்கவில்லை. இரண்டும் இன்றுவரை சட்டமாகவில்லை. ஆனால் இவற்றைத் தனித்தனியாகப் படிப்பதைவிட அருகருகே வைத்துப் படித்தால்தான் ஜெயபால் எதை எதிர்த்து எழுதுகிறார் என்பது விளங்கும். மருத்துவத்துக்கும் உழைப்புக்குமான பாதுகாப்பை அமெரிக்கா கடந்த நூற்றாண்டில் பெரிய நிறுவனங்களின் ஊழியர்களை மனத்தில் வைத்தே கட்டியது. அந்தக் கட்டுமானத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியவைதான் இரண்டு மசோதாக்களும்.

ஜெயபால் 1965-இல் சென்னையில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்து, இந்தோனேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்து, 16 வயதில் கல்லூரிப் படிப்புக்காகத் தனியாக அமெரிக்கா சென்றவர். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு குடியேறிகளுக்காக சியாட்டிலில் ஓர் அமைப்பைத் தொடங்கி நடத்தினார். பின்னர் வாஷிங்டன் மாநில செனட்டில் இருந்தார். 2017 ஜனவரியில் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தபோது அச்சபையின் முதல் இந்திய வம்சாவளிப் பெண் உறுப்பினரானார். அவருக்கு முன் அதே தொகுதியில் நீண்ட காலம் இருந்த ஜிம் மெக்டெர்மாட் ஒரு மனநல மருத்துவர். ஒற்றை அரசுக் காப்பீட்டுக்கான மசோதாவை 1993-லேயே கொண்டுவந்தவர். ஆகவே, சியாட்டில் வாக்காளருக்கு இந்தக் கோரிக்கை புதிதல்ல.

சட்டமாகாத மசோதாவைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் அரசு மசோதா, தனிநபர் மசோதா என்ற பிரிவினை நம் நாடாளுமன்றத்தில் இருப்பதுபோல் இல்லை. அமைச்சர்கள் சபையில் உட்காருவதில்லை. அதிபரின் திட்டமே ஆனாலும் ஏதோ ஓர் உறுப்பினரின் பெயரில்தான் மசோதா வர வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் காங்கிரஸ்; இரண்டாண்டு நீடிக்கும் அதன் ஒவ்வொரு பதவிக்காலமும் ஒரு காங்கிரஸ் எனப்படும். ஒவ்வொரு காங்கிரஸிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் தாக்கலாகின்றன. சட்டமாவது சில நூறு மட்டுமே. இரண்டாண்டு முடிந்ததும் நிறைவேறாதவை அத்தனையும் காலாவதியாகி, அடுத்த காங்கிரஸில் புதிய எண்ணோடு மீண்டும் தாக்கலாக வேண்டும். எனவே பெரிய மசோதா ஒன்றை முன்மொழிவது என்பது பெரும்பாலும் வாக்கெடுப்புக்கான ஏற்பாடு அல்ல. ஒரு கோரிக்கையைச் சட்ட வாசகமாக எழுதி வைத்து, அதற்கு எத்தனை உறுப்பினர்கள் கையெழுத்திடுகிறார்கள் என்று எண்ணிக் காட்டி, வாய்ப்பு வரும்போது அதன் துண்டுகளை வேறு சட்டங்களுக்குள் நுழைப்பதற்கான வழி. இதைச் செய்யும் உறுப்பினரை வெற்று விளம்பரக்காரர் என்று ஒதுக்குவது எளிது. சில மசோதாக்களுக்கு அது பொருந்தவும் செய்யும். இந்த இரண்டுக்கும் பொருந்தாது என்பது என் கருத்து.

மருத்துவக் காப்பீட்டுக் கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. 1942-இல் கூலி உயர்வுக்கு அரசு உச்சவரம்பு விதித்தது. ஆனால் காப்பீட்டுச் சலுகை கூலியாகக் கணக்கிடப்படவில்லை. ஆட்கள் கிடைக்காத காலத்தில் சம்பளத்தைக் கூட்ட முடியாத நிறுவனங்கள் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தன. 1954 வரிச்சட்டம், நிறுவனம் செலுத்தும் காப்பீட்டுப் பணத்துக்கு ஊழியர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்று உறுதிசெய்ததும் இந்த ஏற்பாடு வேரூன்றிவிட்டது. இன்று 15 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் தங்கள் வேலை வழியாகவோ குடும்பத்தினர் ஒருவரின் வேலை வழியாகவோ காப்பீடு பெறுகிறார்கள். வேலை போனால் காப்பீடும் போகும். நோய் வந்து வேலை போனால், தேவைப்படும் நேரத்திலேயே போகும்.

இதற்கு மாற்றாக, எல்லோருக்கும் தேசியக் காப்பீடு என்ற மசோதா 1943-லேயே வந்தது. அதை முன்மொழிந்த மூவரில் ஒருவர் மிச்சிகனைச் சேர்ந்த ஜான் டிங்கெல். அவர் 1955-இல் இறந்ததும் அதே இடத்துக்கு வந்த மகன் ஜான் டிங்கெல், 2015 வரை சபையில் இருந்து, தந்தையின் மசோதாவை ஒவ்வொரு காங்கிரஸிலும் மறுபடி மறுபடி தாக்கல் செய்தார். 1965-இல் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான மெடிகேர் சபையில் நிறைவேறியபோது தலைமை இருக்கையில் இருந்தவர் அவரே. ஏழைகளுக்காக மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் மெடிகெய்ட் அதே சட்டத்தில் பிறந்தது. அவருடைய மனைவி டெபி டிங்கெல்தான் இன்று ஜெயபாலின் மசோதாவுக்குச் சபையில் துணை நின்று முன்மொழிபவர். ஒரே குடும்பத்தின் மூன்று உறுப்பினர்கள் எண்பது ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே கோரிக்கையைச் சுமந்து வந்திருக்கிறார்கள் என்பதே, அமெரிக்காவில் இந்த வண்டி எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதற்குச் சான்று.

ஜெயபாலுக்கு முன், 2003 முதல் சபை உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் தாக்கல் செய்துவந்த மசோதா சுமார் 30 பக்கம் கொண்டது. கொள்கை அறிக்கை போன்றது. ஜெயபால் அதை நூறு பக்கங்களுக்கு மேல் விரித்து, நடைமுறைச் சட்டத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். மருத்துவமனை, மருத்துவர், மருந்து, பல், கண், மனநலம், மகப்பேறு அனைத்தும் அதில் அடக்கம், பிரீமியம் இல்லை, சிகிச்சையின்போது நோயாளி கையிலிருந்து செலுத்தும் பங்குத்தொகையும் இல்லை. மருத்துவமனைகளுக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனி ரசீதுக்குப் பதிலாக ஆண்டுக்கான மொத்த நிதி ஒதுக்கீடு. அரசு தரும் அதே பலன்களைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் விற்க முடியாது. சட்டம் வந்து ஓராண்டில் 19 வயதுக்கு உட்பட்டோரும் 55 வயதைக் கடந்தோரும் இதற்குள் வருவார்கள், இரண்டாண்டில் எல்லோரும். பெர்னி சாண்டர்ஸ் செனட்டில் வைத்த மசோதா இதற்கு நான்கு ஆண்டுகள் கேட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் சுருங்குவதால் வேலை இழக்கும் ஊழியர்களுக்கு உதவ, ஐந்தாண்டு வரை நிதி ஒதுக்கீட்டில் குறைந்தது 1 விழுக்காடு செலவிட வேண்டும் என்ற பிரிவும் உண்டு. மருத்துவ மசோதா ஒன்றுக்குள் இப்படியொரு தொழிலாளர் பிரிவு இருப்பது, எழுதியவரின் கவனம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நீண்டகாலப் பராமரிப்பு. முதுமையாலும் ஊனத்தாலும் அன்றாடக் காரியங்களுக்குப் பிறர் துணை வேண்டியவர்களுக்கு, முதியோர் இல்லத்தில் மட்டுமன்றி அவர்கள் வீட்டிலேயே அந்தத் துணையை அரசுச் செலவில் தருவது. இன்றைய மெடிகேர் இதைத் தருவதில்லை என்பது பலருக்குத் தங்கள் பெற்றோர் படுக்கையில் விழுந்த பிறகே தெரியவருகிறது. மெடிகெய்ட் தரும், ஆனால் அதற்குச் சேமிப்பைக் கரைத்து ஏழையாக வேண்டும்.

2019 ஏப்ரல் 30 அன்று இந்த மசோதாவுக்காக நடந்த முதல் விசாரணையில் ஏடி பார்கன் என்பவர் சாட்சி சொன்னார். வழக்கறிஞரும் சமூகச் செயல்பாட்டாளருமான அவருக்கு அப்போது 35 வயது. நரம்பு அணுக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயால் பேச்சு போய்விட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, கண்ணசைவால் தட்டெழுதிக் கணினிக் குரலில் பேசினார். அவரிடம் நல்ல தனியார் காப்பீடு இருந்தது. ஆனால் வீட்டில் இரவும் பகலும் துணை இருக்கும் பராமரிப்பாளர்களுக்கான செலவை அது ஏற்கவில்லை. மாதம் சுமார் 9,000 டாலரை நண்பர்கள், ஆதரவாளர்கள் உதவியோடு அவரே புரட்ட வேண்டியிருந்தது. பார்கன் 2023 நவம்பரில் இறந்தார்.

அந்த விசாரணை நடந்தது விதிகள் குழுவில் என்பதையும் சொல்ல வேண்டும். எந்த மசோதாவை எந்த நிபந்தனையோடு விவாதிக்கலாம் என்று தீர்மானிக்கும் குழு அது. மருத்துவக் கொள்கை அதன் துறை அல்ல. அதன் தலைவர் ஜிம் மெக்கவர்ன் மசோதாவை ஆதரித்தவர் என்பதால் கதவு அங்கே திறந்தது. உண்மையான அதிகாரம் கொண்ட குழுக்களும் பின்னர் அந்த ஆண்டு விசாரணை நடத்தின. ஆனால் எந்தக் குழுவிலும் மசோதா வாக்கெடுப்புக்கு வரவில்லை. ஜனநாயகக் கட்சியின் கையில் சபை இருந்த காலத்திலேயே நிலைமை அதுதான். நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். பெரும்பான்மைக்கு 218 பேர் வேண்டும்.

எதிர்ப்பின் மையம் பணம். மசோதா எந்த வரியால் இதற்கு நிதி திரட்டுவது என்று சொல்வதில்லை; அதுவே அதன் மிகப் பலவீனமான இடம் என்று நினைக்கிறேன். காங்கிரஸின் நிதிநிலை ஆய்வு அலுவலகம் 2020 டிசம்பரில் இதை ஒத்த ஐந்து மாதிரித் திட்டங்களைக் கணக்கிட்டுப் பார்த்தது. 2030-ஆம் ஆண்டில் மத்திய அரசின் மருத்துவச் செலவு 1.5 லட்சம் கோடி டாலர் முதல் 3 லட்சம் கோடி டாலர் வரை கூடும் என்றது. ஆனால் அரசு, நிறுவனங்கள், குடும்பங்கள் எல்லாரும் சேர்ந்து செய்யும் மொத்தச் செலவு, திட்டத்தின் வடிவத்தைப் பொறுத்து 70,000 கோடி டாலர் குறையவும் கூடும், 30,000 கோடி டாலர் கூடவும் கூடும் என்றது. எதிர்ப்பவர்கள் முதல் எண்ணை மட்டும் சொல்கிறார்கள், ஆதரிப்பவர்கள் இரண்டாவதில் பாதியை மட்டும் சொல்கிறார்கள். குடும்பங்களும் நிறுவனங்களும் இன்று காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டும் பணம் நாளை வரியாக அரசுக்குப் போகும் என்பதே இதன் சாரம்; ஆனால் வரி என்ற பெயரில் வந்தால் வாக்காளர் அதை வேறு கண்ணால் பார்க்கிறார்.

தொழிலாளர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. செவிலியரின் தேசிய சங்கம் இதற்காக முன்னணியில் நிற்கிறது. மாறாக, லாஸ் வேகாஸ் விடுதி ஊழியர்களின் சமையல் தொழிலாளர் சங்கம், பல வேலைநிறுத்தங்கள் வழியாகப் போராடிப் பெற்ற தங்கள் காப்பீட்டை விட்டுக்கொடுக்க முடியாது என்று 2020 நெவாடா உட்கட்சித் தேர்தல் நேரத்தில் உறுப்பினர்களிடம் துண்டறிக்கை வழியே சொன்னது. அவர்கள் அச்சம் நியாயமானது. சங்கம் உள்ளவர்களுக்கு நிறுவன வழிக் காப்பீடு உரிமையாகவே தெரிகிறது; அது கிடைக்காதவர்களுக்குத்தான் அது ஒரு சுவர்.

அந்தச் சுவருக்கு வெளியே முதல் வரிசையில் நிற்பவர்கள் வீட்டுப் பணியாளர்கள்: குழந்தை பார்ப்பவர்கள், வீடு துப்புரவு செய்பவர்கள், முதியோரையும் நோயாளிகளையும் வீட்டில் பராமரிப்பவர்கள். அமெரிக்காவில் இவர்கள் சுமார் 22 லட்சம் பேர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். கறுப்பினத்தவரும் குடியேறிகளும் மிகுதி. தொழிற்சங்க உரிமை தந்த 1935 சட்டம், ஒரு குடும்பத்தின் வீட்டில் வேலை செய்பவரைத் தன் வரையறையிலிருந்து வெளிப்படையாகவே நீக்கியது. குறைந்தபட்சக் கூலியையும் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்குச் சம்பளத்தையும் கொண்டுவந்த 1938 சட்டமும் இவர்களைத் தொடவில்லை. அக்காலத் தென்மாநிலங்களில் கறுப்பினப் பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைத்த வேலைகள் வயலும் வீட்டு வேலையும்தான். சட்டம் விட்டுவிட்டதும் இதே இரண்டைத்தான். 1974-இல் சபை உறுப்பினர் ஷெர்லி சிசோம் போன்றோரின் முயற்சியால் குறைந்தபட்சக் கூலி வீட்டுப் பணியாளருக்கும் வந்தது. ஆனால் முதியோருக்குத் 'துணை' இருப்பவர்களுக்கு விலக்கு. முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்பவர்களுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் இல்லை.

அந்த விலக்கை எதிர்த்து நியூயார்க்கில் ஒரு பராமரிப்பாளர் தொடுத்த வழக்கில், நிறுவனங்கள் வழியே வேலைக்குப் போவோருக்கும் விலக்கைப் பொருத்திய தொழிலாளர் துறையின் விதி செல்லும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒபாமா அரசு 2013-இல் விதியையே மாற்றி, நிறுவனங்கள் வழியே வேலைக்குப் போகும் பராமரிப்பாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, கூடுதல் நேரச் சம்பளம் என்ற இரண்டு உரிமைகளையும் வழங்கியது. துறையின் விதியால் வந்தது துறையின் விதியாலேயே போகலாம் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மற்றச் சட்டங்கள் ஊழியர் தலையை எண்ணிப் பார்க்கின்றன. இனம், பால், மதப் பாகுபாட்டையும் பாலியல் துன்புறுத்தலையும் தடுக்கும் 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி, குறைந்தது 15 பேரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிக்கே பொருந்தும். வயதுப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்துக்கு 20 பேர். மகப்பேறுக்கும் நோய்க்கும் ஊதியமில்லா விடுப்பு தரும் 1993 சட்டத்துக்கு 50 பேர். ஊழியருக்குக் காப்பீடு தராவிட்டால் அபராதம் என்ற ஒபாமா காலச் சட்டத்துக்கும் 50 பேர். ஒரு வீட்டில் ஒரே ஆளாக வேலை செய்யும் பெண் இந்த எந்தக் கணக்கிலும் வர மாட்டார். அவரிடம் வீட்டுக்காரர் தவறாக நடந்துகொண்டால், அது மத்தியச் சட்டத்தின் பார்வையில் பணியிடத் துன்புறுத்தலே அல்ல.

ஜெயபாலும் ஹாரிஸும் எழுதிய மசோதா இந்தக் கணக்கைத்தான் குறிவைக்கிறது. பாகுபாட்டுக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரான பாதுகாப்பு ஒரே ஒரு பணியாளர் உள்ள வீட்டுக்கும் வரும். வீட்டோடு தங்குபவருக்கும் கூடுதல் நேரச் சம்பளம் உண்டு. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், உணவு இடைவேளை, சம்பளத்தோடு நோய் விடுப்பு, வேலை நேரத்தைத் திடீரென மாற்றினால் இழப்பீடு, தங்கியிருப்பவரை வேலையை விட்டு நீக்கும்போது முன்னறிவிப்பு ஆகியவையும் உண்டு. கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமாகத் தோன்றலாம்; வேலை போகிற இரவிலேயே தங்குமிடமும் போகிற ஒருவருக்கு அது சிறிதல்ல. இந்திய வாசகர்கள் 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி ஒருவர் கைதானதை நினைவில் வைத்திருப்பார்கள். அவமதிப்பு, இரு நாட்டு உறவு என்று இங்கே நடந்த விவாதத்தில், வழக்கின் மையமே ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் சம்பள ஒப்பந்தம் என்பது ஏறக்குறைய மறைந்தே போனது.

இது வானத்திலிருந்து விழுந்த மசோதா அல்ல. 2010-இல் நியூயார்க் மாநிலம் இத்தகைய முதல் சட்டத்தை இயற்றியது. 2018-இல் ஜெயபாலின் ஊரான சியாட்டில், நகர அளவில் முதல்முறையாக அதைச் செய்ததோடு, பணியாளர்களும் வேலைக்கு வைப்பவர்களும் சேர்ந்து உட்காரும் ஒரு தர நிர்ணய வாரியத்தையும் அமைத்தது. மத்திய மசோதாவும் அத்தகைய வாரியத்தைக் கோருகிறது. ஹாரிஸ் துணை அதிபரான பிறகு, 2021-இல் செனட்டர்கள் கிர்ஸ்டன் கில்லிபிராண்டும் பென் ரே லூஹானும் செனட்டில் அதை ஏந்திக்கொண்டார்கள்.

இதன் சிக்கல் அமலாக்கத்தில் இருக்கிறது. ஆய்வாளர் தொழிற்சாலைக்குள் நுழைவதுபோல் படுக்கையறைக்குள் நுழைய முடியாது. தேசிய உதவித் தொலைபேசியும், பணியாளர் அமைப்புகளுக்கு நிதியும் மசோதாவில் இருந்தாலும், வேலை போய்விடும், விசா போய்விடும் என்று அஞ்சுபவர் புகார் கொடுக்க வருவாரா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இன்னொன்று: இங்கே முதலாளி எப்போதும் பணக்காரர் அல்ல. மெடிகெய்ட் தரும் தொகையை நம்பி ஒரு பராமரிப்பாளரை வைத்திருக்கும் ஊனமுற்றவரும் முதலாளிதான். சம்பளம் கூடினால் அவருக்குக் கிடைக்கும் பராமரிப்பு நேரம் குறைந்துவிடக் கூடாதென்று, அந்தக் கூடுதல் செலவை மெடிகெய்ட் வழியே மத்திய அரசு ஏற்க வேண்டும் என்கிறது மசோதா. இரண்டு மசோதாக்களும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுதான். வீட்டுப் பராமரிப்பை எல்லோருக்கும் உரிமையாக்கினால் அந்த வேலையைச் செய்ய லட்சக்கணக்கானோர் வேண்டும். அவர்களுக்குக் கௌரவமான சம்பளம் இல்லையென்றால் உரிமை காகிதத்தில் நிற்கும். அந்தச் சம்பளத்தை நோயாளியின் சட்டைப்பையிலிருந்து எடுக்கவும் முடியாது.

மசோதாக்களின் துண்டுகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது கலவையான கணக்கு. முற்போக்கு உறுப்பினர் அணியின் தலைவராக 2021 முதல் 2025 வரை இருந்த ஜெயபால், 2021 இலையுதிர்காலத்தில் தன் அணியின் வாக்குகளை நிறுத்தி வைத்து, சாலை, பாலங்களுக்கான மசோதாவோடு சமூகநல மசோதாவும் சேர்ந்தே வர வேண்டும் என்று பேரம் பேசினார். வீட்டுப் பராமரிப்புக்கு அதிபர் பைடன் முதலில் கேட்டது 40,000 கோடி டாலர். நவம்பரில் அந்தச் சமூகநல மசோதாவைச் சபை நிறைவேற்றியபோது அது சுமார் 15,000 கோடியாகச் சுருங்கியது. செனட்டில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஜோ மான்ச்சின் மறுத்ததும் முற்றிலும் மறைந்தது. மருத்துவப் பக்கம் ஓரளவு கைக்கு வந்தது: 2022 ஆகஸ்ட் சட்டம், மருந்து விலையை மெடிகேர் பேரம் பேசலாம் என்றும், மெடிகேரில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், 2025-இல் மருந்துக்காக முதியவர் கையிலிருந்து செலவிடுவது ஆண்டுக்கு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தது. முதியோர் வாக்களிக்கிறார்கள், அவர்களைப் பராமரிப்பவர்களில் பலருக்கு வாக்குரிமையே இல்லை என்பதைத் தவிர இந்த வேறுபாட்டுக்கு வேறு காரணம் தேட வேண்டுமா என்று தெரியவில்லை.

2025 ஏப்ரலில் ஜெயபால், டிங்கெல், சாண்டர்ஸ் மூவரும் அனைவருக்கும் மெடிகேர் மசோதாவை மீண்டும் தாக்கல் செய்தார்கள். காற்றோ எதிர்த்திசையில் வீசியது. அந்த ஜூலையில் தொழிலாளர் துறை, 2013 விதியைத் திரும்பப் பெற்று, வீட்டுப் பராமரிப்பாளர்களுக்கான பழைய விலக்கை மீண்டும் கொண்டுவர முன்மொழிந்தது. அதே மாதம் 4-ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட வரவு செலவுச் சட்டம், உழைக்கும் வயதிலுள்ள பலர் மெடிகெய்ட் பெற மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகவோ படிப்பு, சமூகப்பணி போன்றவற்றில் ஈடுபட்டதாகவோ காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை நாடெங்கும் விதித்தது. 2027 தொடக்கத்துக்குள் மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்த வேண்டும். சம்பளச் சீட்டு தரும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு அதைக் காட்டுவது எளிது. மூன்று வீடுகளில் மாறி மாறித் துப்புரவு செய்து கையில் ரொக்கம் வாங்குபவர், தாம் செய்த வேலைக்கான காகிதத்தை எங்கிருந்து கொண்டுவருவது? வீட்டுப் பணியாளர் மசோதாவில் உள்ள எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் என்ற பிரிவு சம்பளத் தகராறுக்காக எழுதப்பட்டது. இப்போது அது மருத்துவக் காப்பீட்டுக்கே அத்தாட்சியாகும் நிலை வந்திருக்கிறது.